கவரேஜ் வட்டத்துக்குள் இருந்தும் கேட்காத வீடுகள்

வானொலி நிலையங்கள் வெளியிடும் கவரேஜ் வரைபடத்தைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். நகரத்தின் நடுவில் ஒரு புள்ளி, அதைச் சுற்றி காம்பஸ் வைத்து வரைந்த மாதிரி ஒரு வட்டம், உள்ளே முழுக்கப் பச்சை. சமவெளி ஊர் என்றால் சரி, ஓரளவுக்குப் பொருந்தும். மலைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் நகரத்தில் அந்தப் படத்தை நம்பி வானொலிப் பெட்டி வாங்கினால் ஏமாற்றம்தான். டவர் கூப்பிடு தூரத்தில் இருக்கும், வீட்டுக்குள் எஃப்.எம். இரைந்துகொண்டே இருக்கும். அறுபது கிலோமீட்டர் தள்ளி எங்கோ ஒரு மலைச்சரிவில் இருப்பவரோ அதே நிலையத்தை ஒரு கம்பியை நீட்டி வைத்தே சுத்தமாகக் கேட்டுக்கொண்டிருப்பார். பக்கத்தில் இருப்பவர் புகார் எழுதிப் போட்டால், "நீங்கள் எங்கள் கவரேஜ் பகுதிக்குள்தான் இருக்கிறீர்கள், உங்கள் ரிசீவரைச் சரிபாருங்கள்" என்று பதில் வரும். எனக்கும் ஒருமுறை அப்படி வந்தது. ரிசீவரில் ஒரு கோளாறும் இல்லை. வீட்டுக்கும் டவருக்கும் நடுவில் ஒரு மலை இருந்தது, அவ்வளவுதான்.

அந்த வட்டம் எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகு கோபம் குறைந்தது, அவநம்பிக்கை கூடியது. அமெரிக்காவில் ஒலிபரப்பை ஒழுங்குபடுத்தும் எஃப்.சி.சி.யின் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். டவரிலிருந்து 45 டிகிரிக்கு ஒன்றாக எட்டுத் திசையில் எட்டுக் கோடு இழுப்பார்கள். ஒவ்வொரு கோட்டிலும் 3 கிலோமீட்டரிலிருந்து 16 கிலோமீட்டர் வரை உள்ள நிலத்தின் சராசரி உயரத்தை எடுத்து, ஆன்டெனா அந்தச் சராசரிக்கு மேல் எத்தனை மீட்டர் என்று பார்ப்பார்கள். அந்த உயரமும் பவரும் கையில் இருந்தால் போதும், சிக்னல் எத்தனை தூரம் போகும் என்பதை முன்பே தயாராக இருக்கிற வளைகோடுகளில் படித்துக்கொள்ளலாம். இப்போது யோசியுங்கள். அந்த 13 கிலோமீட்டர் நீளத்தில் ஒரு பெரிய மலையும் அதன் பின்னால் ஒரு ஆழமான பள்ளத்தாக்கும் இருக்கிறதென்றால், சராசரி எடுக்கும்போது இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சமவெளி ஆகிவிடும். பள்ளத்தாக்கில் குடியிருப்பவர் கணக்கில் மட்டும் சமவெளிக்குக் குடிபோய்விடுவார்.

போதாததற்கு, அந்த வட்டத்தின் விளிம்பு என்பதே ஒரு பாதிக்குப் பாதி சமாச்சாரம். எஃப்.எம்.முக்கு எஃப்.சி.சி. வழக்கமாகப் பார்க்கும் எல்லை, மீட்டருக்கு 1 மில்லிவோல்ட் என்ற சிக்னல் அளவு. அந்த விளிம்பில் பாதி இடங்களில், பாதி நேரத்துக்காவது அந்த அளவு சிக்னல் கிடைக்கும் என்பதுதான் அதன் பொருள். மீதிப் பாதி இடங்கள் எவை என்று வரைபடம் சொல்லாது. ஒரு நிலையம் இன்னொரு நிலையத்தின்மேல் ஏறி மிதிக்காமல் அலைவரிசைகளைப் பங்கிட்டுக் கொடுப்பதற்கு இது நல்ல முறை, அதில் எனக்குச் சந்தேகமில்லை. அதற்காக வந்த படத்தை எடுத்து விளம்பரத்தில் போட்டு, "இங்கெல்லாம் கேட்கும்" என்று சொல்வதுதான் வம்பு.

மலை நகரத்தில் சிக்னல் சரியில்லை என்றால் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி, "டிரான்ஸ்மிட்டர் எத்தனை கிலோவாட்?" என்பதுதான். பவரைக் கூட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை அசைக்க முடியாதது. ஒரு சின்னக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். டவர் வீட்டிலிருந்து 10 கிலோமீட்டர். வீட்டுக்கு 1 கிலோமீட்டர் முன்னால் ஒரு கூரான மலைமுகடு குறுக்கே நிற்கிறது. டவர் ஆன்டெனாவிலிருந்து உங்கள் கூரை ஆன்டெனாவுக்கு ஒரு நேர்கோடு போட்டால், முகடு அந்தக் கோட்டுக்கு மேலே 60 மீட்டர் துருத்திக்கொண்டிருக்கிறது. 60 மீட்டர் என்பது பெரிய மலையே இல்லை. 100 மெகாஹெர்ட்ஸ் எஃப்.எம். அலை அந்த முகட்டில் வளைந்து இறங்கி வரும்போது ஏறக்குறைய 17 டெசிபெல் இழக்கும், அதாவது ஐம்பதில் ஒரு பங்குதான் மிஞ்சும். 600 மெகாஹெர்ட்ஸில் வரும் டி.வி. சிக்னல் 25 டெசிபெல் இழக்கும், முந்நூறில் ஒரு பங்கு. 10 கிலோவாட் டிரான்ஸ்மிட்டர் வைத்திருப்பவர் அந்த இழப்பைப் பவரால் ஈடுகட்ட நினைத்தால் எஃப்.எம்.முக்கு 500 கிலோவாட் வேண்டும், டி.வி.க்கு 3,000 கிலோவாட். பவரை இரண்டு மடங்காக்கினால் கிடைப்பது 3 டெசிபெல்தான், மின் கட்டணம் மட்டும் உறுதியாக இரண்டு மடங்காகும்.

இன்னொரு விஷயம் இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது. மலை நேர்கோட்டை மறைக்கக்கூட வேண்டாம். முகடு சும்மா கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றாலே 6 டெசிபெல் போய்விடும், அதாவது நாலில் மூன்று பங்கு. கூரையிலிருந்து டவரின் உச்சி விளக்கு முகட்டுக்கு மேல் கண்ணில் படுகிறதே, அப்புறம் ஏன் சிக்னல் இல்லை என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். அலைக்குப் பருமன் உண்டு. அது நூல் பிடித்தாற்போல் வருவதில்லை, நேர்கோட்டைச் சுற்றிக் கொஞ்சம் வெற்றிடம் கேட்கும். மேலே போட்ட கணக்கு கத்தி மாதிரி கூரான முகட்டுக்கு. உருண்டையான, மரங்கள் அடர்ந்த நிஜ மலை இன்னும் அதிகமாகத் தின்னும்.

டி.வி.க்கு இழப்பு அதிகம், எஃப்.எம்.முக்குக் குறைவு என்பதற்குக் காரணம் அலைநீளம். 600 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் அரை மீட்டர், 100 மெகாஹெர்ட்ஸுக்கு 3 மீட்டர், மத்திய அலையில் (மீடியம் வேவ்) 1 மெகாஹெர்ட்ஸுக்கு 300 மீட்டர். நீளம் கூடக்கூட அலை தடையைச் சுற்றி வளையும். 300 மீட்டர் நீள அலைக்கு 60 மீட்டர் முகடெல்லாம் ஒரு தடையே இல்லை. அதனால்தான் பள்ளத்தாக்கில் எஃப்.எம். செத்துக் கிடக்கும் இடத்தில் பழைய மத்திய அலை நிலையம் கரகரவென்றாவது பேசிக்கொண்டிருக்கும். ஆனால் மத்திய அலைக்கு வேறு ஒரு பலவீனம்: அது நிலத்தோடு ஒட்டிப் போகும், அதனால் நிலம் மின்சாரத்தைக் கடத்த வேண்டும். காய்ந்த பாறை அதற்கு ஆகாது, ஈரமான தாழ்நிலம்தான் வேண்டும். ஒரே நிறுவனம் எஃப்.எம். டவரை ஊரிலேயே உயரமான மலையிலும், மத்திய அலை டவரைச் சதுப்பு நிலத்திலோ ஆற்றோரத்திலோ வைத்திருப்பதைப் பார்த்து யாரோ திட்டமில்லாமல் செய்திருக்கிறார்கள் என்று நினைக்கக் கூடாது. இரண்டுமே சரியான இடம்தான்.

சரி, பவர் உதவாது என்றால் உயரம் உதவுமா? நிச்சயம் உதவும். வளைந்த பூமிமேல் ஆன்டெனாவின் பார்வை எத்தனை தூரம் என்பதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு: உயரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 4.12 ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் வந்துவிடும். 100 மீட்டர் உயரத்துக்கு 41 கிலோமீட்டர், 400 மீட்டருக்கு 82. லாஸ் ஏஞ்சல்ஸின் டி.வி., எஃப்.எம். நிலையங்கள் பெரும்பாலும் வில்சன் மலை உச்சியில் குவிந்திருப்பது இதனால்தான். அந்த மலை 1,700 மீட்டருக்கும் மேல். கணக்குப்படி பார்வை 170 கிலோமீட்டர். ஆனால் எல்லா நிலையங்களும் ஒரே உச்சியில் இருப்பதில் ஒரு பயமும் உண்டு. 2009லும் 2020லும் காட்டுத்தீ அந்த உச்சியை நெருங்கியபோது நகரத்தின் மொத்த ஒளிபரப்புக்கும் ஆபத்து வந்து, தீயணைப்புப் படையினர் அந்த உச்சியைக் காப்பாற்றப் போராட வேண்டியிருந்தது.

ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட் ஒரு கிண்ணத்துக்குள் இருப்பது போன்ற நகரம், சுற்றிலும் மேடு. அங்கே 1956 பிப்ரவரியில் திறந்த கான்கிரீட் கோபுரம் மேட்டின்மேல் நிற்கிறது, இன்றைய உயரம் 216 மீட்டர். இழுகம்பி கட்டிய வெறும் இரும்புக் கம்பம் போதும் என்றிருந்த இடத்தில் ஃப்ரிட்ஸ் லியோன்ஹார்ட் என்ற பொறியாளர், மக்கள் ஏறிப் பார்க்கும்படி உணவகத்தோடு கோபுரமே கட்டிவிடலாம் என்றார். உலகெங்கும் அப்புறம் எழுந்த கான்கிரீட் டி.வி. கோபுரங்களுக்கு அதுதான் முன்னோடி. பார்சிலோனாவில் 1992 ஒலிம்பிக்குக்காக நார்மன் ஃபோஸ்டர் வடிவமைத்த கொல்செரோலா கோபுரமும் மலைமேல்தான் நிற்கிறது, 288 மீட்டர்.

சான் பிரான்சிஸ்கோ கதை இன்னும் சுவையானது. மேடும் பள்ளமுமான அந்த நகரத்தில் டி.வி. படம் மோசமாகத் தெரிவது ஊரறிந்த விஷயமாக இருந்தது. ஆளுக்கொரு மலையில் ஆளுக்கொரு டவர், ஒரே ஆன்டெனாவை எந்தப் பக்கம் திருப்புவது? கடைசியில் நிலையங்கள் சேர்ந்து நகரத்தின் நடுமலையில் 298 மீட்டரில் சூட்ரோ கோபுரத்தைக் கட்டின, 1973 ஜூலையில் ஒளிபரப்பு தொடங்கியது. மூன்று கால், மேலே மூன்று முனை. அசிங்கமாக இருக்கிறது என்று அப்போது திட்டியவர்கள் நிறைய, இப்போது அது டி-ஷர்ட்டில் அச்சாகிறது. அதன் பெரிய லாபம் உயரம் மட்டும் இல்லை, எல்லாம் ஒரே திசையிலிருந்து வந்தது. மலை நகரத்தில் இதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. பத்து நிலையம் பத்துக் குன்றில் இருந்தால், உங்கள் வீட்டுக்குப் பத்து விதமான நிழல் விழும்.

உயரம் எல்லாவற்றையும் தீர்க்கும் என்று இங்கே முடித்துவிட்டால் மலையடிவாரத்துக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், வர வேண்டும். மலை உச்சியில் இருக்கும் ஆன்டெனா ஒரே ஒரு கம்பி கிடையாது. ஒன்றின்மேல் ஒன்றாகப் பல அடுக்குகள். எதற்காக அடுக்குகிறார்கள் என்றால், வானத்துக்கும் காலடி மண்ணுக்கும் போய் வீணாகும் ஆற்றலைச் சுருக்கி அடிவானத்தை நோக்கித் திருப்பத்தான். அடுக்கு கூடக்கூட அந்தக் கற்றை மெலிந்துகொண்டே வந்து, மேலிருந்து கீழ்வரை ஒருசில டிகிரிதான் அகலம் இருக்கும். இப்போது 500 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா, 2 கிலோமீட்டர் தள்ளி அடிவாரத்தில் உங்கள் வீடு என்றால், நீங்கள் அடிவானத்திலிருந்து 14 டிகிரி கீழே இருக்கிறீர்கள். முதன்மைக் கற்றை உங்கள் தலைக்கு மேலாகப் போய்விடும். உங்களுக்குக் கிடைப்பது ஓரக்கற்றைகளின் மிச்சம், சில கோணங்களில் அதுவும் அனேகமாகப் பூஜ்யம். கற்றையை ஒன்றிரண்டு டிகிரி கீழே சாய்ப்பது, பூஜ்யக் கோணங்களைக் கொஞ்சம் நிரப்புவது என்றெல்லாம் வடிவமைப்பாளர்களிடம் வழி உண்டு. ஆனால் அடிவாரத்துக்கு ஒரு பங்கு கொடுத்தால் தூரத்தில் ஒரு பங்கு குறையும், விளம்பர வரைபடத்தின் வட்டம் சுருங்கும். எதை விட்டுக்கொடுப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அடிவார வீட்டுக்கு நேரடி அலை பலவீனம், ஆனால் எதிரே இருக்கும் மலைமுகத்தில் முதன்மைக் கற்றை முழு வேகத்தில் மோதித் திரும்பி வரும். எதிரொலி நிஜத்தைவிடப் பலமாக இருக்கும். டவர் ஜன்னலுக்கு வெளியே நிற்கும்போது ஆன்டெனாவை டவருக்கு முதுகு காட்டித் திருப்பி வைத்தால்தான் தெளிவாகக் கேட்கிறது என்று யாராவது சொன்னால் நம்புங்கள்.

பழைய அனலாக் டி.வி.யில் இந்த எதிரொலியைக் கண்ணால் பார்க்கலாம், இன்னும் சொன்னால் அடிக்கோல் வைத்து அளக்கலாம். படத்தில் ஒவ்வொரு உருவத்துக்கும் வலப்பக்கம் மங்கலாக இன்னொரு உருவம் நிற்கும். செய்தி வாசிப்பவருக்கு இரண்டு மூக்கு. 625 கோடு முறையில் ஒரு கோட்டைத் திரையில் இடமிருந்து வலமாக வரைய 52 மைக்ரோசெகண்ட் ஆகும். திரை அரை மீட்டர் அகலம் என்றால், ஒரு சென்டிமீட்டர் ஏறக்குறைய ஒரு மைக்ரோசெகண்ட். ஒளி அந்த நேரத்தில் 300 மீட்டர் போகும். அதனால் இரண்டாவது மூக்கு 4 சென்டிமீட்டர் தள்ளித் தெரிந்தால், அந்த அலை 1,200 மீட்டர் அதிகமாகச் சுற்றி வந்திருக்கிறது. அது உங்கள் வீட்டைத் தாண்டிப்போய்ப் பின்னால் மோதித் திரும்பியதென்றால், மோதிய மலைமுகம் ஏறக்குறைய 600 மீட்டர் தொலைவில் இருக்கிறது. ஜன்னலைத் திறந்து எந்தப் பாறை என்று தேடலாம். டி.வி. கெட்டுப் போனதில் இப்படி ஒரு சந்தோஷம் வேறு யாருக்காவது இருந்திருக்குமா தெரியாது, எனக்கு இருந்தது.

எஃப்.எம்.மில் எதிரொலி உருவமாகத் தெரியாது, ஒலியைக் கிழிக்கும். பேச்சில் 'ஸ', 'ச' வரும் இடமெல்லாம் துப்பினாற்போல் கேட்பது அதன் வேலை. நேரடி அலையும் திரும்பி வந்த அலையும் ஓரிடத்தில் கூடும், கொஞ்சம் தள்ளி ஒன்றையொன்று அழிக்கும். எதிரெதிராக வந்தால் இரண்டு அழிவிடங்களுக்கு இடையே தூரம் அலைநீளத்தில் பாதி, எஃப்.எம்.முக்கு ஒன்றரை மீட்டர். போக்குவரத்து சிக்னலில் கார் நிற்கும்போது பாட்டு இரைச்சலாகி, முன்னால் ஒரு எட்டு நகர்ந்ததும் சரியாகிவிடுவது இதனால்தான். ஓடும் காரில் அதுவே தடதடவென்று விட்டுவிட்டுக் கேட்கும். வீட்டில் பெட்டியை மேசையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு மாற்றினால் குணம் தெரிவதும் அதே காரணம். கையை ஆன்டெனா அருகே கொண்டுபோனால் தெளிவாகி, கையை எடுத்ததும் பழையபடி ஆகிற கொடுமை எல்லோரும் அனுபவித்ததுதான்.

டிஜிட்டல் வந்ததும் கதை தலைகீழானது. ஐரோப்பாவில் உருவான டி.வி.பி.-டி என்ற டிஜிட்டல் டி.வி. முறையில் தகவலை ஆயிரக்கணக்கான மெல்லிய ஊர்திகளில் (தகவலைச் சுமக்கும் அலைகள்) பிரித்து, மெதுவாக அனுப்புகிறார்கள். ஒவ்வொரு துணுக்குக்கும் முன்னால் கொஞ்சம் காப்பு நேரம் விடுவார்கள். அந்த நேரத்துக்குள் வந்து சேரும் எதிரொலி எதையும் கெடுக்காது. அதன் 8கே என்ற வகையில் அதிகபட்சக் காப்பு நேரம் 224 மைக்ரோசெகண்ட், அதாவது 67 கிலோமீட்டர் சுற்றி வந்த எதிரொலியைக்கூட ரிசீவர் சகித்துக்கொள்ளும். மலை நகரத்துக்காகவே கண்டுபிடித்தார்களோ என்று தோன்றும். அமெரிக்கா ஆரம்பத்தில் வேறு முறையைத் தேர்ந்தெடுத்தது, ஒரே ஊர்தியில் வேகமாக அனுப்பும் 8வி.எஸ்.பி. அங்கே முதல் தலைமுறை டிஜிட்டல் பெட்டிகள் எதிரொலி மிகுந்த இடங்களில் திணறியது பெரிய விவாதமானது. பின்னால் வந்த ஏ.டி.எஸ்.சி. 3.0 என்ற புதிய அமெரிக்க முறையில் அவர்களும் பல ஊர்தி முறைக்கே வந்து சேர்ந்தார்கள்.

ஆனால் டிஜிட்டல் ஒன்றைப் பறித்துக்கொண்டது. அனலாக்கில் புள்ளி புள்ளியாக, இரண்டு மூக்கோடு, ஒலி மட்டுமாவது வரும். மனிதக் கண்ணும் காதும் மீதியை நிரப்பிக்கொள்ளும். டிஜிட்டலில் ஒரு அளவுக்கு மேலே முழுத் தெளிவு, ஒரு டெசிபெல் குறைந்தால் கட்டம் கட்டமாக உடைந்து, இன்னும் ஒன்று குறைந்தால் கறுப்புத் திரை. மலை மறைவில் விளிம்பு வாழ்க்கை வாழ்ந்தவர்கள் பலருக்கு மாற்றத்தன்று படம் பிரமாதமாக ஆனது, சிலருக்கு இல்லாமலே போனது, நடுவில் ஒன்றும் இல்லை.

பவரும் உயரமும் தொடாத பள்ளங்களுக்கு ஒரே வழி, பள்ளத்தைப் பார்க்கிற இடத்தில் இன்னொரு சின்ன டிரான்ஸ்மிட்டர். முதன்மை டவரின் சிக்னல் கிடைக்கும் முகட்டில் வாங்கி, மறுபக்கச் சரிவுக்குக் கொடுக்கும் ரிலே. வாங்குகிற அலைவரிசையிலேயே திருப்பிக் கொடுத்தால் தன் குரலையே தான் கேட்டு ஊளையிட ஆரம்பித்துவிடும், அதனால் வாங்கும் ஆன்டெனாவையும் கொடுக்கும் ஆன்டெனாவையும் பாறைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பிரித்து வைக்க வேண்டும், இல்லையென்றால் அலைவரிசையை மாற்றிக் கொடுக்க வேண்டும். பிரிட்டனில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட டி.வி. டிரான்ஸ்மிட்டர் இடங்கள் உண்டு, பெரும்பாலானவை இப்படிப்பட்ட ரிலேக்கள். ஷெஃபீல்டு மலைப்பாங்கான நகரம், எம்லி மூர் என்ற பெரிய கோபுரம் இருந்தும் நகரத்துக்கென்று கிராஸ்பூலில் தனி ரிலே தேவைப்பட்டது. பிரிட்டனில் முதன்மை டவர்கள் பெரும்பாலும் கிடைமட்டமாகவும் ரிலேக்கள் செங்குத்தாகவும் அலையை அனுப்பும், ஒன்றின் குறுக்கீடு இன்னொன்றில் குறையும் என்பதற்காக. எந்த வீடு எதிலிருந்து வாங்குகிறது என்று கூரை ஆன்டெனாவின் கம்பிகள் படுத்திருக்கின்றனவா நிற்கின்றனவா என்று பார்த்தே சொல்லிவிடலாம்.

எம்லி மூர் பெயர் வந்ததால் ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். இப்போதிருக்கும், 300 மீட்டருக்கும் மேல் உயரமான கான்கிரீட் கோபுரத்துக்கு முன்னால் அங்கே 385 மீட்டர் இரும்புக் கம்பம் இருந்தது. 1969 மார்ச் 19 அன்று பனிக்கட்டி படிந்து, காற்றும் சேர்ந்து, மொத்தமாகச் சரிந்தது. உயரமான இடம் தேடிப் போவதற்கு இப்படியும் ஒரு விலை உண்டு.

ஹாங்காங்கில் நடப்பதுதான் எனக்குப் பிடித்த ஏற்பாடு. மலையும் கட்டடமும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும் ஊர். அங்கே ஒரு எஃப்.எம். நிலையத்துக்கு ஒரு எண் கிடையாது, ஒரு வரம்பே உண்டு. அங்குள்ள பொது ஒலிபரப்பு நிறுவனமான ஆர்.டி.எச்.கே.யின் முதல் அலைவரிசை 92.6லிருந்து 94.4 வரை, ஒவ்வொரு மலையிலும் ஒவ்வொரு எண். பக்கத்துப் பக்கத்து மலைகள் ஒரே எண்ணில் எஃப்.எம். அனுப்பினால் இரண்டும் சம அளவில் சேரும் இடங்களில் ஒலி குழம்பிவிடும், அதனால்தான் இத்தனை எண். காரில் போகிறவர் கையால் திருப்பிக்கொண்டிருக்க முடியாது என்பதற்காகத்தான் ஐரோப்பாவில் ஆர்.டி.எஸ். வந்தது: நிலையம் தன் அடையாளக் குறியையும் மாற்று எண்களின் பட்டியலையும் காதுக்குக் கேட்காமல் கூடவே அனுப்பும், பெட்டி தானே நல்லதைத் தேடித் தாவும். டிஜிட்டலில் இந்தத் தொல்லையும் இல்லை, எல்லா மலையிலிருந்தும் ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் அனுப்பலாம். பக்கத்து மலையின் சிக்னலை ரிசீவர் இன்னொரு எதிரொலியாக எடுத்துக்கொண்டு பலம் பெறும்.

கேபிள் டி.வி.யும் மலை பெற்ற பிள்ளைதான். 1948 வாக்கில், பென்சில்வேனியாவின் மஹனாய் சிட்டியில் ஜான் வால்சன் என்பவர் டி.வி. பெட்டி விற்கப் பார்த்தார், மலைக்குப் பின்னால் படம் வராததால் வாங்க ஆளில்லை. மலைமேல் ஆன்டெனா நட்டு, கம்பி இழுத்துக் கடைக்குக் கொண்டுவந்தார், அப்புறம் வீடுகளுக்கும் கொடுத்தார். அதே காலத்தில் ஒரெகனின் அஸ்டோரியாவில் எட் பார்சன்ஸ், ஒரு ஹோட்டல் மொட்டைமாடியில் ஆன்டெனா வைத்து சியாட்டில் நிலையத்தைப் பிடித்து அண்டை வீடுகளுக்கு இழுத்தார். யார் முதல் என்று இன்னும் சண்டை உண்டு.

ரிலே வைத்துவிட்டால் எல்லோருக்கும் சமமாகக் கிடைத்துவிடும் என்று எண்ண வேண்டாம். முதன்மை டவர் ஒன்று லட்சக்கணக்கான வீடுகளைத் தொடும், பள்ளத்து ரிலே சில நூறு வீடுகளைத் தொடும், பராமரிப்புச் செலவு அந்த விகிதத்தில் குறையாது. பிரிட்டனில் 2012இல் டிஜிட்டல் மாற்றம் முடிந்தபோது பெரும்பாலான ரிலேக்கள் பொதுச் சேவைச் சேனல்களை மட்டுமே சுமந்தன, வணிகச் சேனல்கள் முதன்மை டவரோடு நின்றுகொண்டன. ஒரே ஊர், ஒரே கட்டணம், மலைக்குப் பின்னால் இருந்தால் சேனல் குறைவு. கவரேஜ் சதவீதத்தில் அந்த வீடும் "கிடைக்கிறது" என்றுதான் எண்ணப்படும்.

இப்போதெல்லாம் வட்டத்தை நம்ப வேண்டிய அவசியமே இல்லை. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் ரேடாரால் உலக நிலப்பரப்பின் பெரும்பகுதியை அளந்த தரவு இலவசமாகக் கிடைக்கிறது. மேடுபள்ளத்தைக் கணக்கில் எடுத்துச் சிக்னலை மதிப்பிடும் லாங்லி-ரைஸ் முறை 1968இலிருந்தே இருக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கணக்குப்போடும் மென்பொருள் சாதாரணக் கணினியில் ஓடும். டவருக்கும் வீட்டுக்கும் நடுவே உள்ள நிலத்தின் குறுக்குவெட்டை ஒருமுறை வரைந்து பார்த்துவிட்டால், பெட்டியையும் ஒயரையும் குறை சொல்வதை நிறுத்திவிடுவீர்கள். அதில் ஒரு எச்சரிக்கை: அந்த ரேடார் அடர்ந்த காட்டில் தரைவரை போகவில்லை, மரங்களின் மேல்பகுதியிலேயே பெரும்பாலும் திரும்பிவிட்டது. அதனால் உங்கள் முகடு படத்தில் கொஞ்சம் கூடுதல் உயரமாகத் தெரியலாம். புதிதாக முளைத்த அடுக்குமாடி அதில் இருக்காது.

பள்ளத்தில் இருப்பவர்கள் செய்யக்கூடியது என்று கேட்டால், முதலில் பெட்டியை மோனோவுக்கு மாற்றுங்கள். ஸ்டீரியோவைப் பிரித்தெடுக்க எஃப்.எம்.முக்கு 20 டெசிபெலுக்குப் பக்கமாக அதிகச் சிக்னல் வேண்டும், மோனோவில் பாதி இரைச்சல் அப்போதே அடங்கிவிடும். அடுத்து, ஆன்டெனாவை டவர் பக்கம்தான் திருப்ப வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல் ஒரு முழுச் சுற்று மெதுவாகச் சுற்றிப் பாருங்கள், படுக்க வைத்தும் நிறுத்தியும் பாருங்கள். அப்புறம் நிலையத்துக்கு எழுதுவதென்றால், "கேட்கவில்லை" என்று ஒரு வரி எழுதாதீர்கள். வீடு இருக்கும் இடம், தரையில் எப்படி, மொட்டைமாடியில் எப்படி, எந்தத் திசையில் திருப்பினால் நன்றாக வருகிறது, மழைநாளில் மாறுகிறதா, பக்கத்துத் தெருவில் எங்கே போனதும் தெளிவாகிறது என்று எழுதுங்கள். வட்டத்தை வரைந்த அலுவலகத்துக்கு அது பயன்படாமல் போகலாம், ரிலேயை எந்த முகட்டில் வைப்பது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருக்கும் பொறியாளர் கையில் கிடைத்தால் அவர் அதை வரைபடத்தில் புள்ளி புள்ளியாகக் குறித்துக்கொள்வார்.